விடுதி வைஃபையில் ஆளுக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்து கொடுப்பது எப்படி: ஃப்ரீரேடியஸ் முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, காரைக்குடி பக்கம் பழைய நகரத்தார் வீடுகள் பலவும் இப்போது தங்கும் விடுதிகள். வீடு பெரியது, இன்டர்நெட் லைன் ஒன்றுதான். அறுபதாம் கல்யாணத்துக்கு மொத்தச் சொந்தமும் வந்து இறங்கும் நாளில் மாடியில் இரண்டு பிள்ளைகள் கேம் அப்டேட் போட்டால் போதும், முகப்பில் பில் போடுகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வளவில் ஆச்சி சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிடும். லைன் வேகத்தைக் கூட்டினால் இது தீராது. கூட்டியதையும் அதே இரண்டு போன்கள் குடித்துவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

அதற்கு விலை கொடுத்து சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். ஃப்ரீரேடியஸ் என்ற இலவச சர்வரும், ஹாட்ஸ்பாட் (லாகின் பக்கம் காட்டி உள்ளே விடும்) வசதியுள்ள ஒரு மைக்ரோடிக் ரவுட்டரும் போதும். ஃப்ரீரேடியஸ் 3 வரிசையை வைத்துச் சொல்கிறேன். கோப்பு, அட்ரிப்யூட் (ஒரு மதிப்பைத் தாங்கும் புலம்) பெயர்களை இங்கே தமிழில் எழுதினாலும் சர்வரில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். கூடவே வரும் மாதிரிக் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எது எது என்று உடனே தெரிந்துவிடும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

ரேடியஸ் 1991 வாக்கில் லிவிங்ஸ்டன் நிறுவனம் டயல்-அப் காலத்துக்காக உருவாக்கிய நெறிமுறை. இன்று நடப்பில் உள்ள வடிவம் 2000 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2865, 2866 என்ற இரண்டு தர ஆவணங்கள். முதலாவது, யாரை உள்ளே விடலாம் என்பதற்கு, போர்ட் 1812. இரண்டாவது, உள்ளே போனவர் எவ்வளவு செலவழித்தார் என்ற கணக்குக்கு, போர்ட் 1813.

பலரும் தடுமாறும் இடம் இது: ரேடியஸ் சர்வர் வழியாக விருந்தினரின் டேட்டா போவதே இல்லை. அந்த சர்வருக்கு ஒரு பைட் கூடத் தெரியாது. எண்ணுவது ரவுட்டர். ஒருவர் லாகின் ஆனதும் ரவுட்டர் ஒரு ஸ்டார்ட் பாக்கெட் அனுப்பும், நடுவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இன்டெரிம் அப்டேட் அனுப்பும், போகும்போது ஸ்டாப் அனுப்பும். சர்வர் இதையெல்லாம் ரேட்அக்ட் என்ற டேபிளில் வரியாக எழுதிக்கொள்ளும். செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரிதான் அந்த டேபிள். அதில் வரவு விட்டுப்போனால், மேலே எத்தனை கட்டுப்பாடு எழுதினாலும் பயன் இல்லை. அதனால் லிமிட் போடுவதற்கு முன்னால் கணக்கு சரியாக விழுகிறதா என்பதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

எங்கே வைப்பது

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அந்தக் கனமான சுவர்களைத் தாண்டி சிக்னல் போகாது. முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று ஆக்சஸ் பாயின்ட் தேவைப்படும். ஆனால் இவை எல்லாம் டேட்டாவைக் கடத்த மட்டும் செய்யும் வெறும் பிரிட்ஜாக இருக்கட்டும். லாகினும் எண்ணிக்கையும் நடுவில் உள்ள ஒரே ரவுட்டரில் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் தனித்தனியாக ஹாட்ஸ்பாட் நடத்தினால், விருந்தினர் பட்டாலையிலிருந்து சாப்பாட்டுக்கு நடக்கும்போதே ஒரு செஷன் (லாகின் முதல் வெளியேறுவது வரை உள்ள இணைப்பு) முடிந்து இன்னொன்று தொடங்கும், கணக்கும் சிதறும்.

சர்வருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். யுபிஎஸ் மட்டும் கட்டாயம், ரவுட்டருக்கும் சேர்த்து.

சர்வரை நிறுவுதல்

டெபியன் அல்லது உபுண்டுவில் ஆப்ட் மூலமாக நான்கு பேக்கேஜ்கள்: ஃப்ரீரேடியஸ், ஃப்ரீரேடியஸ்-மைஎஸ்க்யூஎல், ஃப்ரீரேடியஸ்-யுடில்ஸ், மரியாடிபி-சர்வர். அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஈடிசி ஃபோல்டருக்குள் ஃப்ரீரேடியஸ், அதற்குள் 3.0 என்ற ஃபோல்டரில் இருக்கும்.

நிறுவிய கையோடு சர்வரின் டைம்ஸோனை ஏஷியா-கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) விட்டால் தினசரி லிமிட் நள்ளிரவில் புதுப்பிக்காது, காலை 5.30-க்குத்தான் புதுப்பிக்கும். அப்புறம் சர்வர், ரவுட்டர் இரண்டிலும் கடிகாரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபி ஓட வேண்டும். கணக்குப் பாக்கெட்டில் ரவுட்டர் தன் நேரத்தைப் போட்டு அனுப்பினால் ஃப்ரீரேடியஸ் அந்த நேரத்தைத்தான் எழுதும். கரண்ட் போய் வந்த ரவுட்டரின் கடிகாரம் பழைய தேதியில் நின்றால், அந்த செஷன் இந்த மாதக் கணக்கிலேயே வராது.

மரியாடிபியில் ரேடியஸ் என்ற பெயரில் ஒரு டேட்டாபேஸ், அதற்கு மட்டும் உரிமையுள்ள ஒரு யூசர், பாஸ்வேர்ட். மாட்ஸ்-கான்ஃபிக் ஃபோல்டருக்குள் எஸ்க்யூஎல், மெயின், மைஎஸ்க்யூஎல் என்று உள்ளே போனால் ஸ்கீமா கோப்பு இருக்கும், அதை ஏற்றினால் எல்லா டேபிளும் வந்துவிடும்.

அடுத்து மாட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் எஸ்க்யூஎல் கோப்பு. டயலெக்ட் மைஎஸ்க்யூஎல், டிரைவர் ஆர்எல்எம்-எஸ்க்யூஎல்-மைஎஸ்க்யூஎல் என்று மாற்றி, சர்வர் பெயர், லாகின், பாஸ்வேர்ட் கொடுங்கள். அதே கோப்பில் மைஎஸ்க்யூஎல் பகுதிக்குள் டிஎல்எஸ் என்று ஒரு தொகுதி இருக்கும், இல்லாத சான்றிதழ் கோப்புகளைத் தேடும். டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் அந்த வரிகளை கமென்ட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. பிறகு மாட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்புக்குக் குறுக்குவழி). டிஃபால்ட் சைட் கோப்பில் அதரைஸ், அக்கவுன்டிங் பகுதிகளில் எஸ்க்யூஎல் பெயருக்கு முன் ஒரு சிறு கோடு இருக்கும். மாட்யூல் இருந்தால் பயன்படுத்து, இல்லையென்றால் விட்டுவிடு என்பது அதன் பொருள். அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் மாட்யூல் ஏறாவிட்டால் சர்வர் சத்தம் போட்டு நிற்பதுதான் நல்லது. கணக்கு எழுதாமல் அமைதியாக ஓடக் கூடாது.

கிளையன்ட்ஸ் கோப்பில் ரவுட்டரின் ஐபியும் ஒரு நீளமான சீக்ரெட்டும். மாதிரியில் உள்ள டெஸ்டிங்123-ஐ எடுத்து ரவுட்டருக்கு வைக்காதீர்கள். 2024 ஜூலையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஃப்ரீரேடியஸ் 3.0.27, 3.2.5 பதிப்புகள் அதற்குத் தீர்வோடு வந்தன. சர்வர், ரவுட்டர் இரண்டையும் அப்டேட் செய்துவிட்டு, பாக்கெட் போலியானதல்ல என்று உறுதிசெய்யும் மெசேஜ்-ஆதென்டிகேட்டரை இரண்டு பக்கமும் கட்டாயமாக்குங்கள்.

ரவுட்டர் பக்கம்

மைக்ரோடிக் ரவுட்டரை அமைக்கும் வின்பாக்ஸ் சாஃப்ட்வேரில் ரேடியஸ் மெனுவில் புதிய வரி: சர்வீஸ் ஹாட்ஸ்பாட், சர்வர் ஐபி, அதே சீக்ரெட். டைம்அவுட் 300 மில்லி செகண்ட் என்று இருக்கும், 1000 ஆக்கிவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் கேள்வி ஓடும்போது 300 போதாமல் போகலாம். அதே மெனுவில் இன்கமிங் என்ற பொத்தானில் அக்செப்ட் போட்டு, போர்ட் 3799 என்று வையுங்கள். சர்வர் தானாக ஒருவரை வெளியேற்ற இது வேண்டும்.

ஹாட்ஸ்பாட் சர்வர் புரொஃபைலில் ரேடியஸ் டேபுக்குப் போய் யூஸ் ரேடியஸ், அக்கவுன்டிங் இரண்டுக்கும் டிக், இன்டெரிம் அப்டேட் 5 நிமிடம். இந்த 5 நிமிடத்தை விட்டுவிட்டால், விருந்தினர் அறையைக் காலி செய்யும்வரை அவர் கணக்கு பூஜ்யமாகவே நிற்கும். 1 நிமிடம் என்று வைத்து சர்வரைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

கணக்கு விழுகிறதா என்று பாருங்கள்

ரேட்செக் டேபிளில் ஒரு சோதனை யூசர் போடுங்கள்: அட்ரிப்யூட் கிளியர்டெக்ஸ்ட்-பாஸ்வேர்ட், குறி கோலன்-சமம். சர்வீஸை நிறுத்திவிட்டு ஃப்ரீரேடியஸை பெரிய எக்ஸ் தேர்வோடு டெர்மினலில் ஓட்டுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது என்ன செய்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். பிரச்சினை எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ரேட்டெஸ்ட் கட்டளையில் அக்செஸ்-அக்செப்ட் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது போனில் லாகின் ஆகி 100 எம்பி கோப்பு ஒன்றை இறக்குங்கள், 5 நிமிடம் பொறுத்து ரேட்அக்ட்டைத் திறந்து பாருங்கள். அந்த யூசருக்கு ஒரு வரி இருக்க வேண்டும், ஸ்டாப் டைம் காலியாக இருக்க வேண்டும், அவுட்புட் ஆக்டெட்ஸ் (ஆக்டெட் என்றால் பைட்) 10,48,57,600-ஐத் தாண்டியிருக்க வேண்டும். இன்புட் என்பது விருந்தினர் அனுப்பியது, அவுட்புட் என்பது அவருக்கு வந்தது, எல்லாம் ரவுட்டர் நிற்கும் இடத்திலிருந்து. டவுன்லோடை இன்புட்டில் தேடி, எண்ணிக்கை வரவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம் 4 ஜிபி. ஆக்டெட்ஸ் எண்ணிக்கை 32 பிட், 4,29,49,67,295-க்கு மேல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எத்தனை முறை சுற்றியது என்பதை கிகாவேர்ட்ஸ் என்ற தனி அட்ரிப்யூட் சொல்லும். ஃப்ரீரேடியஸோடு வரும் குவெரிகள் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகின்றன, டேபிளிலும் பெரிய எண்ணுக்கு இடம் இருக்கிறது. யாரோ எழுதிய பழைய குவெரியை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால்தான் ஆபத்து: 9 ஜிபி இறக்கியவர் 1 ஜிபி இறக்கியதாகக் காட்டும்.

லிமிட் போடும் எளிய வழி

ஃப்ரீரேடியஸில் எஸ்க்யூஎல்கவுன்டர் என்ற மாட்யூல் இருக்கிறது. மாதிரிக் கோப்பில் உள்ளவை நேரத்தை எண்ணுபவை, அதை டேட்டாவுக்கு மாற்ற வேண்டும்.

டிக்ஷனரி கோப்பில் சொந்தமாக ஒரு அட்ரிப்யூட் சேருங்கள், மேக்ஸ்-டெய்லி-எம்பி என்று வைத்துக்கொள்வோம், எண் 3001, வகை இன்டீஜர். 3000 முதல் உள்ள எண்கள் நம் உபயோகத்துக்கென்றே விடப்பட்டவை. பைட்டில் எண்ணாமல் எம்பியில் எண்ணச் சொல்கிறேன், ஏனென்றால் 32 பிட் இன்டீஜரில் 4 ஜிபிக்கு மேல் பைட்டாக எழுதவே முடியாது.

எஸ்க்யூஎல்கவுன்டர் கோப்பில் டெய்லிகவுன்டரைப் பிரதி எடுத்து வேறு பெயர் கொடுத்து, செக்-நேம் என்பதற்கு நம் அட்ரிப்யூட்டைப் போடுங்கள், கீ யூசர்நேம், ரீசெட் டெய்லி. குவெரியில் அந்த யூசரின் இன்புட், அவுட்புட் ஆக்டெட்ஸைக் கூட்டி 10,48,576-ஆல் வகுக்க வேண்டும், ஸ்டார்ட் டைம் இந்த நாளின் தொடக்கத்துக்குப் பின் இருக்க வேண்டும். தொடக்க நேரத்துக்கு மாதிரியில் இரண்டு சதவீதக் குறியும் சின்ன பி-யும் இருக்கும், அப்படியே விடுங்கள். வரியே இல்லாத புதியவருக்குக் கூட்டல் நல் (மதிப்பே இல்லை) என்று வரும், அதனால் கோயலஸ் போட்டுப் பூஜ்யமாக்குங்கள்.

மாதிரியில் ரிப்ளை-நேம் என்று செஷன்-டைம்அவுட் எழுதியிருக்கும். அதை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் 500 எம்பி மிச்சம் உள்ளவருக்கு 500 விநாடி என்று பதில் போகும், எட்டே நிமிடத்தில் வெளியே தள்ளப்படுவார்.

மாட்யூல் பெயரை டிஃபால்ட் சைட்டின் அதரைஸ் பகுதியில் எஸ்க்யூஎல் வரிக்குக் கீழே எழுதுங்கள், மேலே எழுதினால் லிமிட் தெரியாமலே ஓடும். லிமிட்டை ஆளாளுக்கு எழுதாமல் குழுவாக வையுங்கள்: ரேட்குரூப்செக் டேபிளில் விருந்தினர் குழுவுக்கு 3072, ஊழியர் குழுவுக்கு 1024, யார் எந்தக் குழு என்பது ரேட்யூசர்குரூப்பில். இங்கேயும் குறி கோலன்-சமம்தான். இரட்டைச் சமம் போட்டால் அது ஒப்பிடும் குறி, பொருந்தாமல் போய் அந்தக் குழுவே எடுபடாது.

இந்த வழியில் இரண்டு குறைகள். லிமிட் தாண்டியவருக்கு வரும் மறுப்புச் செய்தி ஆங்கிலத்தில் நேரம் தீர்ந்தது என்று சொல்லும், டேட்டா என்று சொல்லாது. அதைவிடப் பெரியது, இந்த மாட்யூல் பார்ப்பது லாகின் நேரத்தில் மட்டும். காலையில் 10 எம்பி மிச்சத்தோடு உள்ளே வந்தவர் ராத்திரி வரை இறக்கிக்கொண்டே இருக்கலாம்.

நான் பரிந்துரைக்கும் வழி: துண்டிக்காமல் மெதுவாக்குங்கள்

விடுதியில் யாரையும் முழுவதுமாகத் துண்டிக்காதீர்கள். மறுநாள் ரயில் டிக்கெட், ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப், பணம் அனுப்புவது எல்லாம் அந்த லைனில்தான். அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்தால் இவையெல்லாம் ஓடும், கேம் அப்டேட் மட்டும் நகராது. "அண்ணே, மாடி ரூம்ல நெட்டே வரலைங்கறாங்க" என்று முகப்பிலிருந்து வரும் போனும் குறையும்.

இதற்குக் கவுன்டரை அதரைஸ் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, எஸ்க்யூஎல் வரிக்குக் கீழே அன்லாங்கில் எழுத வேண்டும். அன்லாங் என்பது ஃப்ரீரேடியஸின் சொந்தச் சிறு மொழி. முதலில் எஸ்க்யூஎல் கேள்வி ஒன்றால் இன்று செலவான எம்பியை எடுத்து டெம்ப்-இன்டீஜர்-0 என்ற தற்காலிக அட்ரிப்யூட்டில் வையுங்கள். இஃப் போட்டு, அது லிமிட்டை எட்டிவிட்டதா என்று பாருங்கள். எட்டியிருந்தால் பதிலில் மைக்ரோடிக்-ரேட்-லிமிட், மதிப்பு 512கே/1எம். முதல் எண் அப்லோட், இரண்டாவது டவுன்லோட், இதுவும் ரவுட்டர் பார்வையில்தான்.

எட்டவில்லை என்றால் மிச்சத்தை ரவுட்டரிடமே சொல்லி அனுப்புங்கள். மைக்ரோடிக்-டோட்டல்-லிமிட், மைக்ரோடிக்-டோட்டல்-லிமிட்-கிகாவேர்ட்ஸ் என்று இரண்டு அட்ரிப்யூட், இரண்டும் சேர்ந்ததுதான் அளவு, பைட்டில். மாத லிமிட் 30 ஜிபி வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32,21,22,54,720 பைட். அதில் 4,29,49,67,296 ஏழு முறை அடங்கும், மிச்சம் 2,14,74,83,648. ஆக கிகாவேர்ட்ஸ் 7, டோட்டல்-லிமிட் 2147483648. இந்த வகுத்தலை அன்லாங்கில் செய்து அல்லாட வேண்டாம், எஸ்க்யூஎல் கேள்வியிலேயே ஃப்ளோர், மாட் இரண்டையும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் பூஜ்யமாக இருக்கும்போது இந்த இரண்டையும் அனுப்பக் கூடாது, மைக்ரோடிக்கில் பூஜ்யம் என்றால் அளவே இல்லை என்று பொருள்.

இனி நடப்பதைப் பாருங்கள். அளவு தீர்ந்ததும் ரவுட்டரே செஷனை முடித்து ஸ்டாப் அனுப்புகிறது, பேரேடு நிறைகிறது. விருந்தினர் மறுபடி லாகின் ஆகும்போது சர்வர் அவர் கணக்கு தீர்ந்ததைப் பார்த்து மெதுவான வேகத்தில் உள்ளே விடுகிறது. ஹாட்ஸ்பாட் புரொஃபைலில், ஏற்கெனவே வந்த போனை நினைவில் வைத்துத் தானாக உள்ளே விடும் மேக் குக்கி லாகினை வைத்திருந்தால் பாஸ்வேர்டைத் திரும்ப அடிக்கவும் வேண்டாம். துண்டிக்கச் சொல்லித் தனி ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஒரு அறைக்கு ஒரு யூசர்நேம், அதில் நான்கு போன் என்றால் ஒவ்வொரு போனுக்கும் முழு மிச்சமும் போகும். குடும்பத்தோடு வருபவர்கள்தான் இங்கே அதிகம் என்பதால் இதை விட முடியாது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள்: ஸ்டாப் டைம் காலியாக உள்ள வரிகளில் யார் லிமிட்டைத் தாண்டினார்கள் என்று பார்த்து, ரேட்கிளையன்ட் மூலம் ரவுட்டரின் 3799-க்கு டிஸ்கனெக்ட் கோரிக்கை அனுப்ப வேண்டும். யூசர்நேம், அந்த போனின் ஐபி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்கெனவே மெதுவான வேகத்தில் இருப்பவரையும் சேர்த்து உதைக்காமல் இருக்க, தாண்டிய யூசரை அன்றைய தேதியோடு ஒரு தனி டேபிளில் குறித்துக்கொண்டு ஒருமுறை மட்டும் அனுப்புங்கள்.

லிமிட்டை போனின் மேக் முகவரிக்கு (அதன் வைஃபை அடையாள எண்ணுக்கு) போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் போலி மேக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறந்து மறுபடி சேர்ந்தோ, அந்த அமைப்பை மாற்றியோ வேறு மேக்கோடு வந்து புது ஆளாக உட்கார முடியும்.

நள்ளிரவும் கரண்ட் கட்டும்

நேற்று ராத்திரி லாகின் ஆனவர் இன்று முழுக்க அதே செஷனில் இருந்தால், ஸ்டார்ட் டைம் நேற்று என்பதால் இன்றைய கணக்கில் அவர் வரமாட்டார். பெரும்பாலான விடுதிகளுக்கு எளிய தீர்வு, பதிலில் செஷன்-டைம்அவுட்டை நள்ளிரவு வரை மிச்சமுள்ள விநாடிகளாக அனுப்புவது. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒருமுறை மறு லாகின் ஆவார்கள், மேக் குக்கி இருந்தால் யாருக்கும் தெரியாது. மாத லிமிட், நாள் லிமிட் என்று பல இருந்தால், ஃப்ரீரேடியஸோடு வரும் பிராசஸ்-ரேட்அக்ட் என்ற எஸ்க்யூஎல் கோப்பைப் பாருங்கள். அது செஷன் நடுவில் இருந்தாலும் காலப் பகுதி வாரியாகச் செலவைப் பிரித்துத் தனி டேபிளில் வைக்கும் வேலைக்கென்றே எழுதப்பட்டது.

கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் ஸ்டாப் பாக்கெட் வராது, வரி திறந்தே கிடக்கும். சைமல்டேனியஸ்-யூஸ் என்று ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கட்டுப்பாடும் வைத்திருந்தால், விருந்தினர் ஏற்கெனவே உள்ளே இருப்பதாக நினைத்து சர்வர் அவரை மறுக்கும். கடைசி அப்டேட் டைம் 15 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருக்கும் திறந்த வரிகளுக்கு, அந்த அப்டேட் டைமையே ஸ்டாப் டைமாக எழுதும் ஒரு அப்டேட் கட்டளையை கிரானில் சேருங்கள். கடைசி இன்டெரிம் வரை செலவான கணக்கு அப்படியே நிற்கும்.

திறக்கும் முன்

50 எம்பி லிமிட்டோடு ஒரு சோதனைக் குழு வைத்து, அதில் ஒரு யூசரைப் போட்டு, வீடியோ ஓட விட்டு எந்த இடத்தில் நிற்கிறது, மறு லாகினில் வேகம் குறைகிறதா என்று கண்ணால் பாருங்கள். கோப்பு எதை மாற்றினாலும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் முன் பெரிய சி, பெரிய எக்ஸ் தேர்வுகளோடு ஒருமுறை ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். கல்யாண நாளில் சர்வர் எழுந்திருக்காமல் போவதற்கு அநேகமாக ஒரு விட்டுப்போன அடைப்புக்குறிதான் காரணமாக இருக்கும்.

ரேட்அக்ட்டைச் சீக்கிரம் காலி செய்யாதீர்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தினமும் டேட்டாபேஸை டம்ப் எடுத்து வேறொரு டிஸ்கில் வையுங்கள், 180 நாள் தாண்டியவற்றை அழிக்கலாம், ஆனால் ஸ்டாப் டைம் இல்லாத வரிகளைத் தொடாதீர்கள். பெயர், அறை எண், எந்த நேரம் விழித்திருந்தார் என்பது வரை அந்த டேபிளிலிருந்து தெரியும், அதனால் அதன் பாஸ்வேர்ட் முகப்பு மேசையில் ஒட்டிவைக்கும் பொருள் இல்லை.

விருந்தினருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லாகின் பக்கத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு நாளைக்கு 3 ஜிபி, அதற்குப் பிறகு வேகம் குறையும், நிற்காது, நள்ளிரவுக்குப் பின் மறுபடி முழு வேகம் என்று எழுதுங்கள். ஹாட்ஸ்பாட்டின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இந்த செஷனில் எவ்வளவு செலவானது என்று ரவுட்டர் தானே காட்டும், அதன் முகவரியையும் அறைச் சாவியோடு கொடுக்கும் சீட்டில் போட்டுவிடலாம்.